மூன்றாம் கியரில் பூக்காரம்மா

பவர் ஏறும் என்று நாலு பேர் சொன்னோம். "எம்புட்டு ஏறும்?" என்று அந்தம்மா கேட்டது. நாலு பேரும் சிரித்தோம்.

சிரித்ததில் நானும் ஒருத்தன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டில் எனக்கு வெல்டிங் கடை. கேட், கிரில், டிரெய்லர், சைலன்சர், எது வந்தாலும் பற்றவைப்பேன். பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒரு மெக்கானிக். என் வேலையில் பாதி அவன் கொண்டுவருவது. அவன் பேசினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் கேட்கும். நான் பேச மாட்டேன். இரும்பு பேசும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியே பழகிவிட்டது.

அந்தம்மாவைப் பூக்காரம்மா என்போம். பேர் கேட்டதில்லை. சித்தையன்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லி. விடிய விடிய மொட்டுப் பறித்து, ஈரச் சாக்கில் கட்டி, காரில் போட்டுக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வரும். வேனில் இல்லை, காரில்.

அந்தக் கார் புருசன் விட்டுப் போனது. பழைய காலத்து நீளமான பெட்ரோல் கார். முன்பக்கம் கட்டில் அகலத்துக்கு இருக்கும். அந்த மனுசன் ஆசைக்கு அதில் பெரிய இன்ஜின் மாற்றிவைத்து, அகல டயர் போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்து, சண்டைக் காளை மாதிரி நிறுத்திவைத்திருந்தான். ஆறு மாசம் ஓட்டினான். ஒருநாள் நெஞ்சுவலி, அம்புட்டுதான். கார் ஒரு வருசம் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. வித்துருன்னு ஊரே சொன்னது. அந்தம்மா லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து, பின் சீட்டில் பாயை விரித்து, பூ மூட்டையை அடுக்கியது.

"இம்புட்டுப் பெரிய இன்ஜின் வச்சுப் பூ ஏத்துது பாரு" என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்தம்மா காதில் விழும். திரும்பிப் பார்க்காது.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், "காட்டுங்க" என்னும். சண்டைக்குச் சொல்வது இல்லை. தண்ணி கேட்கிற மாதிரிதான் கேட்கும்.

பூ மார்க்கெட்டில் ஈரச் சாக்குக்கு என்று எடையில் அரைக் கிலோ கழிப்பார்கள். எல்லோரும் முனகிக்கொண்டு போவார்கள். அந்தம்மா பூவைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் தராசில் போட்டதாம். "அரைக் கிலோவான்னு காட்டுங்க." தராசு காட்டவில்லை. அதிலிருந்து அந்தம்மாவுக்கு மட்டும் சாக்கைத் தனியாகப் போட்டு எடை பார்த்தார்கள். மற்றவர்களுக்குப் பழைய கணக்குத்தான். அவர்கள் கேட்கவில்லை.

மெக்கானிக் ஒருதடவை பிளக் போய்விட்டது என்றான். அந்தம்மா அந்தப் பிளக்கை வாங்கி, என் கடையில் நின்ற பெட்ரோல் பம்புசெட் இன்ஜினில் மாட்டச் சொன்னது. "ஓடுதான்னு பாப்போம்ணே." ஓடியது. அவன் முகம் செத்துவிட்டது. "சூடானா நிக்கும் தாயி, இப்பத் தெரியாது" என்றான். அந்தம்மா கால் மணி நேரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது. இன்ஜின் நிற்கவில்லை. பிளக்கை முந்தானையில் துடைத்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

அன்றைக்கிருந்தே அவனுக்கு ஒரு கடுப்பு.

கார் பாரத்தோடு இழுக்கவில்லை என்று அந்தம்மா வந்தது அதற்கு அடுத்த மாசம். மார்க்கெட்டில் ஏழு மணிக்குள் இறக்கினால் ஒரு விலை, பிந்தினால் வேறு விலை. செம்பட்டி தாண்டினால் வண்டி திணறுது என்றது.

"கட்-அவுட் வைக்கணும்" என்றான் மெக்கானிக்.

"எந்த நடிகருக்குண்ணே?"

டீக்கடையில் சிரித்துவிட்டார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"புகைக்குழாயில வைக்கிறது தாயி. சைலன்சருக்கு முன்னாடி குழாயை வெட்டி, ஒரு கிளைக்குழாய் வைப்போம். அதுக்கு ஒரு மூடி. உன் சீட்டுப் பக்கத்துல ஒரு இழுப்பான். இழுத்தா மூடி திறக்கும். புகை சைலன்சருக்குள்ள போய்த் திணறாம நேரா வெளிய வந்துரும். இன்ஜின் மூச்சு விடும். பவர் ஏறும்."

அப்போதுதான் எம்புட்டு என்று கேட்டது. நாங்கள் சிரித்தது.

"போட்டப்புறம் நீயே பாப்ப. அந்தச் சத்தம் கேட்டா நிலக்கோட்டைக்காரன் எந்திரிச்சு நிப்பான்."

"சத்தம் எனக்கு வேணாம். இழுவை வேணும்."

"ரெண்டும் ஒண்ணுதான் தாயி."

ஒன்று இல்லை. எனக்கு அது அன்றைக்கே தெரியும். புகை வெளியேற வழியில்லாமல் திணறுகிற இன்ஜினுக்குக் குழாயைத் திறந்துவிட்டால் கொஞ்சம் இழுவை கூடும். அதுவும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து விரட்டுகிறபோது. பந்தயம் ஓட்டுகிறவனுக்கு அது ஆகும். இந்தக் காரில் அந்த மனுசன் ஏற்கெனவே கை நுழைகிற அளவுக்குப் பெரிய குழாய் போட்டு வைத்திருந்தான். அதில் புகை தாராளமாகப் போனது. தாராளமாகப் போகிற புகைக்கு இன்னொரு வாசல் எதற்கு?

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குழாயை வெட்டியது நான். கிளைக்குழாயைப் பற்றவைத்தது நான். காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தபோது இரண்டு விசயம் பார்த்தேன்.

ஒன்று, அவன் எனக்குக் கொடுத்த மூடி. பழைய தகட்டில் வெட்டியது. ஒரு ஓரம் சரியாக உட்காரவில்லை. மூடினாலும் நகக்கண் அளவுக்கு இடைவெளி.

இரண்டு, பின் சீட்டுக்குக் கீழே தரைத் தகடு. துரு தின்று மூன்று இடத்தில் ஓட்டை. மேலே பாய் கிடந்ததால் உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது. கிளைக்குழாயின் வாய் நேராக அதற்குக் கீழே இருந்தது.

"குழாயைப் பக்கவாட்டில வெளிய நீட்டிருவமா?" என்று கேட்டேன்.

"நீட்டினா சத்தம் அமுங்கிரும்லே."

"மூடி உக்காரல."

"ஏலே, பத்தவைக்கச் சொன்னா பத்தவை. வாத்தியார் வேலை பாக்காத."

பற்றவைத்தேன். ஓட்டையைப் பற்றி அவனிடமும் சொல்லவில்லை, அந்தம்மாவிடமும் சொல்லவில்லை. துரு ஓட்டை இல்லாத பழைய கார் ஏது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது லேசாக இருந்தது.

ஸ்டார்ட் பண்ணி இழுப்பானை இழுத்தான். தகரக் கூரை அதிர்ந்தது. டீக்கடை மேசையில் கிளாஸ் நடுங்கியது. ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பயல் செல்போனில் எடுத்தான்.

"பாத்தியா தாயி, பவர!"

அந்தம்மா காதைப் பொத்திக்கொண்டு நின்றது. சத்தம் நின்றதும் சொன்னது:

"காட்டுங்க."

என் கடையிலிருந்து பார்த்தால் பைபாஸ் மேம்பாலம் தெரியும். நல்ல ஏற்றம். அந்தம்மா என் கடையில் கிடந்த இரண்டு மணல் மூட்டையையும் சிமெண்டு மூட்டையையும் பின்னால் ஏற்றச் சொன்னது. அவனை முன்னால் பக்கத்தில் உட்காரச் சொன்னது. பாலத்தடியில் இருக்கிற கல்லில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கணும், மூன்றாம் கியர், ஆக்சிலேட்டர் முழுசா, உச்சிக்குப் போகும்போது மீட்டர் முள் எங்கே நிற்குது என்று பார்க்கணும். மூடி ஒருதடவை, திறந்து ஒருதடவை. பிறகு மறுபடியும்.

நாலு தடவை ஏறி இறங்கினார்கள். திறந்து ஏறியபோது ஊரே பாலத்தைப் பார்த்தது. அந்தம்மா வந்து இறங்கி, என் மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து, கடைத் தகரக் கதவில் எழுதியது.

மூடி 42. திறந்து 41. மூடி 42. திறந்து 42.

"எங்கண்ணே ஏறுச்சு?"

"எதிர்க்காத்து அடிச்சது தாயி."

"நாலு தடவையுமா?"

"மீட்டரு தப்பு. பழைய வண்டி."

"தப்பா இருந்தாலும் நாலு தடவையும் அதே மீட்டர்தானண்ணே."

டீக்கடையில் ஒருத்தர் சொன்னார்: "சத்தத்தப் பாத்தா நூறுல போன மாதிரி இருந்துச்சேம்மா." அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது. எங்கள் எல்லோர் காதும் அவன் பக்கம். முள் ஒன்றுதான் அந்தம்மா பக்கம்.

"இன்ஜின் பழகணும். ஒரு மாசம் ஓட்டு. பிடிக்கலைன்னா இழுக்காம மூடியே வச்சுக்க" என்றான்.

"சரி. ஒரு மாசம் பாக்குறேன்" என்றது. கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

பூ ஏற்றுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. மொட்டில் காற்றுப் படக்கூடாது. பட்டால் மார்க்கெட் போவதற்குள் வாய் திறந்துவிடும். அதனால் பின் கண்ணாடி இரண்டையும் முழுக்க ஏற்றிவிடுவார்கள். அந்தம்மாவும் அப்படித்தான். தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கிக்கொண்டு ஓட்டும். மகள் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சரியாமல் பிடித்துக்கொண்டு வரும். மூன்றாவது படிக்கிற பிள்ளை. பூவை இறக்கிவிட்டு, அதை டவுன் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அந்தம்மா ஊருக்குத் திரும்பும்.

முதலில் பூதான் சொன்னது. மார்க்கெட்டில் வாங்குகிற ஆள் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். அது அங்கே வழக்கம். மோந்தவர் கையை உதறினாராம். "என்னம்மா, பூவுல புகை வாடை?"

அந்தம்மா நேரே கொட்டகைக்கு வந்தது. கையில் ஒரு பிடி மல்லி. "மோந்து பாருங்கண்ணே."

"விலையக் குறைக்கிறதுக்குச் சொல்றானுக தாயி. மார்க்கெட்டுக்காரன நம்பலாமா?"

என்னிடம் நீட்டியது. மோந்தேன். புகை. நான் நாளெல்லாம் மோக்கிற புகை.

"என் மூக்கே புகைதான், எனக்குத் தெரியல" என்றேன்.

அப்படிச் சொன்னேன்.

அடுத்த வாரம் முன் சீட்டில் ஒரு கூடை, பின்னால் ஒரு கூடை என்று பிரித்து வைத்துக் கொண்டுவந்தது. முன் கூடை மணத்தது. பின் கூடை நாறியது. "மூடிதான் வச்சிருக்கேன். இழுக்கவே இல்ல. எப்படிண்ணே பின்னால மட்டும்?" மெக்கானிக் வேறொரு வண்டிக்கு அடியில் இருந்தான். வெளியே வராமலே சொன்னான்: "டிக்கிய நல்லாச் சாத்து."

மூன்றாவது வாரம் அந்தம்மா கையில் பூ இல்லை.

"பிள்ளை பள்ளிக்கூடத்துல தூங்குதாம். காலைல வாந்தியாம். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்க, ராத்திரி தூங்க விடுறதில்லையான்னு. தலை வலிக்குதுங்குது. ஞாயித்துக்கிழமை வலிக்கலங்குது."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளை காரில் வராது. அந்தம்மா அதை மட்டும்தான் சொன்னது. மற்றதை நாங்கள் புரிந்துகொள்ளணும் என்று நின்றது.

அவனுக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனால் டீக்கடையில் ஆள் இருந்தது.

"புள்ளைக்கு வெறும் வயித்துல பூ வாடை ஒத்துக்கல. ஒரு இட்லியக் குடுத்துக் கூட்டிட்டு வா. எல்லாத்துக்கும் என் வேலையக் குறை சொல்லாத. வண்டி ஓட்டத் தெரியாத பொம்பளைக்குப் பவர் வண்டி எதுக்கு?"

நாலு பேர் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததைப் பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தம்மா காரின் பின் கதவைத் திறந்தது.

"அப்ப உக்காருங்கண்ணே. கண்ணாடிய ஏத்தி விட்டுக்கங்க. செம்பட்டி வரைக்கும் போயிட்டு வருவோம். என் பிள்ளை தினமும் உக்காருற எடம்தான்."

அவன் துணியில் கையைத் துடைத்தான்.

"எனக்கு வேலை கிடக்கு."

"போக அரை மணி, வர அரை மணி."

"நாளைக்குப் பாப்போம்."

"பவர் ஏறும்னு சொன்னீங்க, காட்டல. புகை வராதுங்குறீங்க. இதையாச்சும் காட்டுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கதவு திறந்தபடி கிடந்தது. பாயும் ஒரு ஸ்கூல் பையும் தெரிந்தன.

நான் போய் உட்கார்ந்தேன்.

ஏன் என்று தெரியாது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கதவு திறந்தே கிடந்ததைப் பார்க்க முடியவில்லை.

அந்தம்மா தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தது. "தலை வலிச்சா சொல்லுங்கண்ணே." வண்டி கிளம்பியது. பாதி வழியில் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்தது. வாடை கொஞ்சம்தான், பிறகு அதுவும் பழகிவிட்டது. அதுதான் மோசம். தூக்கம் மாதிரி ஒன்று அமுக்கியது. அந்தப் பையில் தலையை வைத்துச் சாய்ந்தால் போதும் என்று இருந்தது. செம்பட்டிக்குப் போகவில்லை. நான் கண்ணாடியைத் தட்டினேன். அந்தம்மா உடனே ஓரங்கட்டியது. இறங்கி வேலியோரம் வாந்தி எடுத்தேன். அந்தம்மா தண்ணி பாட்டிலைக் கொடுத்தது.

நான் ஐம்பது வயது ஆள். எழுபது கிலோ. கால் மணி நேரம் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது கண்ணாடி நாலும் இறங்கியிருந்தது. கடைக்கு வந்ததும் பின் சீட்டையும் பாயையும் எடுத்து வெளியே போட்டேன். அடியில் படுத்துக் கிளைக்குழாயை அறுத்து எடுத்தேன். மெயின் குழாயில் வெட்டிய இடத்தைத் தகடு வைத்து அடைத்தேன். தரையில் மூன்று ஓட்டைக்கும் புதுத் தகடு வைத்துச் சுற்றிப் பற்றவைத்தேன். மெக்கானிக் கொட்டகையிலிருந்து சத்தமே இல்லை.

நான் அடியில் கிடந்தபோது அந்தம்மா முன்னால் பானட்டைத் தூக்கி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதென்னண்ணே?"

எழுந்து போய்ப் பார்த்தேன். இன்ஜினுக்குக் காற்று போகிற குழாய். அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. முக்கால் வழி அடைத்து, கல்லு மாதிரி. வேப்பமரத்தடியில் நின்ற ஒரு வருசத்தில் கட்டியது. அவன் அதைத் திறந்தே பார்க்கவில்லை. உள்ளே மூச்சு போகாத இன்ஜினுக்கு வெளியே மூச்சு விட வாசல் வைத்தான். நான் பற்றவைத்தேன்.

ஸ்குரூ டிரைவரால் அந்தம்மாவே குத்தி எடுத்தது. அதே மூட்டைகளைப் போட்டு, அதே பாலம், அதே மூன்றாம் கியர். தனியாகப் போய் வந்தது. சத்தமே இல்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து, என் கதவில் பழைய எழுத்துக்குக் கீழே எழுதியது.

51.

சாக்பீஸை வைத்துவிட்டுக் கேட்டது: "கீழ அந்த ஓட்டை, அன்னிக்கே இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அந்தம்மா திட்டும் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லது.

"ஒரு வெரல நீட்டிக் காட்டிருக்கலாம்லண்ணே" என்றது.

பாயை உதறி மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு போனது.

இன்றைக்கும் அவன் கட்-அவுட் வைக்கிறான். காருக்கு, ஜீப்புக்கு, பைக்குக்கு, எல்லாத்துக்கும். இப்போது வேறொரு வெல்டரிடம் கொடுக்கிறான். கொட்டகை வாசலில் எப்போதும் கூட்டம். கூரை அதிரும்போதெல்லாம் "பவரப் பாத்தியா" என்று கேட்கிறது. எம்புட்டு என்று கேட்க ஆள் இல்லை. கதவில் இருக்கிற நம்பரைக் காட்டி ஒன்றிரண்டு பேரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். வேலை கொடுக்கவில்லை என்கிற வயிற்றெரிச்சல் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் சொல்வதை நிறுத்தவில்லை.

அந்தம்மா என் கடைக்கு அப்புறம் வரவில்லை. கார் மட்டும் காலையில் ஆறரைக்குப் போகும். பின் கண்ணாடி ஏற்றியிருக்கும், மூட்டை தெரியும். தரையை நான் நல்லாத்தான் அடைத்தேன். இரண்டு தடவை ஓட்டிய வெல்டிங் பற்று, தண்ணி ஊற்றினாலும் இறங்காது.

பிள்ளையை அந்தம்மா முன் சீட்டில்தான் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறது.